மெல்ல வாசிக்கும் பிள்ளைகள்

டிஸ்லெக்சியா: காரணங்களும் தமிழ் வகுப்பறையின் பொறுப்பும்

(தமிழ்த்துறை ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் மேடை இது. இங்கே குழந்தைகளின் வாசிப்புச் சிக்கலைப் பற்றிப் பேச இசைவு தந்த துறைக்கு என் நன்றி. யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ, அவர் பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் நடத்தியவர் என்று அழைப்பிதழில் படித்தேன். இந்தத் தலைப்பை நான் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புத் தடை பிறவியோடு வரும் ஓர் இயல்பு. அதன் வேர் எந்த மொழி பேசும் குழந்தையிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். வெளியே தெரியும் விதமோ எழுத்துமுறைக்கு எழுத்துமுறை மாறுகிறது. ஆங்கிலத்தில் பிழையாகத் தெரிவது தமிழில் பெரும்பாலும் தாமதமாகத் தெரியும். நாமோ ஆங்கிலப் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய அடையாளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளைத் தேடுகிறோம். அதனால் பலர் நம் கண்ணில் படுவதே இல்லை. படுகிறவர்களுக்கும் உதவி வந்துசேர வேண்டிய வயதில் வந்துசேர்வதில்லை. இதை ஆறு பகுதிகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. பட்டியல் வந்த வழி

1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்ற ஊரில் மருத்துவம் பார்த்தவர் அவர். குறிப்பில் வரும் பெர்சி 14 வயதுப் பையன். சூட்டிகையானவன், விளையாட்டில் யாருக்கும் சளைக்காதவன். ஏழு வயதிலிருந்து அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தும் ஓரசைச் சொற்களையே தட்டுத்தடுமாறித்தான் படித்தான். இயற்கணிதக் கணக்கு அவனுக்கு வந்தது. தன் பெயரை எழுதச் சொன்னால் ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதினான். ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே அது தவறென்று அவனுக்குத் தெரிந்தது. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார்.

மார்கனுக்குத் தூண்டுதலாக இருந்தவர் கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட். அதற்கு முன் டிஸ்லெக்சியா என்ற பெயரை உருவாக்கிய ருடால்ஃப் பெர்லினும் ஜெர்மானியக் கண் மருத்துவரே. பிறகு 1925-இல் அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், இந்தப் பிள்ளைகள் எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதைப் பெரிதாகக் கவனித்தார். கண், பார்வை, புரண்டுபோகும் எழுத்து என்ற படிமம் இப்படித்தான் உருவாயிற்று. 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்துக்கு நம் நாட்டுப் பெற்றோர் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள். அடிக்கும் கையை நிறுத்தவைத்த படம் அது. ஆனாலும் எழுத்துகள் தாளில் நடனமாடும் அந்தக் காட்சிதான் பலர் மனத்தில் டிஸ்லெக்சியாவின் இலக்கணமாகப் பதிந்துவிட்டது.

ஆய்வுகள் இந்தப் படிமத்தை 1970-களிலேயே விட்டுவிட்டன. இசபெல் லிபர்மன் குழுவினர் வாசிப்புத் தடுமாற்றம் உள்ள பிள்ளைகளின் பிழைகளை எண்ணிப் பார்த்தபோது, எழுத்தைத் திருப்பிப் போடும் பிழை மொத்தத்தில் சிறு பங்காகவே இருந்தது. ஆறு ஏழு வயது வரை பல குழந்தைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவார்கள். மேலும், ஆங்கிலச் சிற்றெழுத்து பி, டி போலக் கண்ணாடியில் தெரியும் உருவமாக அமைந்த எழுத்து இணைகள் தமிழில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ‘எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா?’ என்ற கேள்வியோடு தமிழ் வகுப்புக்குள் போகிறவர், ‘இல்லை, இவனுக்குச் சிக்கல் ஒன்றுமில்லை’ என்ற விடையோடுதான் திரும்புவார்.

2. காரணம் எங்கே இருக்கிறது

நாம் பேசும் சொல் காதில் தொடர்ந்த ஓர் ஓசையாக விழுகிறது. ‘கல்’ என்று சொல்லும்போது க், அ, ல் என்ற மூன்றும் தனித்தனியே காதில் விழுவதில்லை. பேசுவதற்கு இந்தப் பிரிவினை தேவையில்லை. ஒரு நாளும் பள்ளிக்குப் போகாதவரும் நன்றாகப் பேசுகிறார். எழுத்தைக் கற்க அது தேவை. தொடர் ஓசையை ஒலிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றோடும் ஒரு வடிவத்தை இணைத்து, அந்த இணைப்பு நினைக்காமலேயே நிகழும்படி பழகுவதுதான் வாசிப்பு. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஒலிப்பகுப்பில் தடை இருக்கிறது. பலருக்கு, கண்ட வடிவத்துக்குரிய பெயரைச் சட்டென்று நாவுக்குக் கொண்டுவருவதிலும் தடை இருக்கிறது. வண்ணங்களையும் பொருள்களையும் வரிசையாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால் இவர்கள் பிந்துவதை மார்த்தா டென்க்லா, ரீட்டா ரூடல் இருவரும் 1976-இல் காட்டினார்கள். இந்த இரண்டாவது தடைக்குத் தமிழில் தனி முக்கியத்துவம் உண்டு; நான்காம் பகுதியில் அதைப் பேசுகிறேன்.

இந்தத் தடை எப்படி வருகிறது? பெரும்பங்கு பரம்பரை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினன் குழுவினர் 1990-களில் ஏறத்தாழ 200 குழந்தைகளைப் பிறந்த நாள் தொட்டுப் பின்தொடர்ந்தார்கள். பாதிப்பேர் டிஸ்லெக்சியா உள்ள குடும்பத்துப் பிள்ளைகள். பிறந்த சில நாள்களிலேயே, பேச்சொலிகளைக் கேட்கும்போது இவர்களுடைய மூளை தரும் மின்சமிக்ஞைகள் மற்றக் குழந்தைகளுடையவற்றிலிருந்து வேறுபட்டன. இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வாசிக்கத் தடுமாறினர். 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மரபணுத் தகவலை ஆராய்ந்து, தொடர்புடைய 42 மரபணு இடங்களை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனவே இதை நோய் போல உண்டு, இல்லை என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. இரத்த அழுத்தம் எல்லாருக்கும் இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் கவனிக்கிறோம். வாசிப்புத் தடையும் அப்படிப்பட்டதே. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து பேர் என்றும் பத்துப் பேர் என்றும் கணக்கு வருகிறது.

மூளைப் படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாசிக்கத் தடுமாறுகிறவரின் மூளையில் ஏதாவது வேறுபாடு தெரிந்தால் அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். லக்னோவுக்கு அருகே கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்றார்கள். முன்னும் பின்னும் எடுத்த மூளைப் படங்களின் முடிவு 2017-இல் வெளிவந்தது. முப்பது வயதைத் தாண்டிய அவர்களுடைய மூளையில், தாலமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழ்ந்த பகுதிகளிலும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. அந்தப் பகுதிகளில் உள்ள கோளாறே டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் என்று ஒரு சாரார் அதுவரை வாதிட்டு வந்தனர். வாசித்தாலே மாறக்கூடிய பகுதி அது என்றால், நெடுங்காலம் வாசிக்காமல் இருந்ததன் விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டிருக்கவும் இடம் இருக்கிறது. லக்னோ கிராமப் பெண்கள் உலக ஆய்வுக்குத் தந்த பாடம் இது. எனக்கு இது பெருமையாக இருக்கிறது.

அறிவுத்திறனுக்கும் இதற்கும் முடிச்சுப்போட வேண்டாம். அறிவுக்கூர்மை மிகுந்தவருக்கும் இது உண்டு, நடுத்தரமானவருக்கும் உண்டு. பையன்களுக்கே வரும் என்ற எண்ணமும் சரியில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் 1990-இல் காட்டியபடி, பள்ளிகள் அனுப்பிவைத்தவர்களில் பையன்கள் மிகுதி. ஆய்வாளர்கள் தாங்களே எல்லாரையும் சோதித்தபோது இரு பாலாரும் ஏறத்தாழச் சமம். வகுப்பில் குறும்பு செய்யும் பையன் கண்ணில் படுகிறான். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை படுவதில்லை.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். நீங்கள் வேலைக்குப் போனதால் இது வரவில்லை. கருவுற்றிருந்தபோது எதையோ சாப்பிட்டதாலோ, குழந்தை கையில் கைபேசியைக் கொடுத்ததாலோ இது வரவில்லை. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வாசிப்புத் தடை வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். அதுவும் யாருடைய குற்றமும் இல்லை.

3. ஒரே வேர், வெவ்வேறு தோற்றம்

2003-இல் ஃபிலிப் சீமோர் தலைமையில் ஐரோப்பாவின் 13 மொழிகளில் செய்த ஓர் ஒப்பீடு வெளிவந்தது. முதல் வகுப்பு முடியும்போது குழந்தைகள் எளிய சொற்களை எவ்வளவு சரியாக வாசிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பின்னிஷ், ஜெர்மன், கிரேக்கம், இத்தாலியம் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். பிரெஞ்சு 79. ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 34. அந்தக் குழந்தைகளிடம் குறை ஒன்றும் இல்லை. ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து என்று கிடக்கும் ஆங்கில எழுத்துமுறைதான் அவர்களைத் தாமதப்படுத்துகிறது.

அப்படியானால் எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்சியா இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹெய்ன்ஸ் விம்மர் 1993-இல், ஜெர்மன் படிக்கும் டிஸ்லெக்சியா பிள்ளைகள் ஓரளவு சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்று காட்டினார். 2001-இல் எரால்டோ பவுலேசு குழுவினர் இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களை ஒப்பிட்டனர். இத்தாலிய மாணவர்கள் மற்ற இரு நாட்டவரைவிடச் சரியாக வாசித்தார்கள். மூளையின் இடப்பக்கம் குறைவாக இயங்கியதிலோ மூன்று நாட்டவருக்கும் வேறுபாடு இல்லை.

இன்னும் வியப்பான சான்று ஒன்று. ஜப்பானில் பிறந்து வளர்ந்த ஆங்கிலக் குடும்பத்துப் பையன் ஒருவனைப் பற்றி டேகோ வைடலும் பிரையன் பட்டர்வொர்த்தும் 1999-இல் எழுதினார்கள். பதினாறு வயதில் ஜப்பானிய மொழியைக் கல்லூரி மாணவர் அளவுக்கு வாசிக்கிறான். வீட்டு மொழியான ஆங்கிலத்தில் கடுமையான டிஸ்லெக்சியா. இரண்டு மொழிகளையும் படிப்பது ஒரே மூளைதான்.

4. தமிழ்ப் பிள்ளையிடம் அது எப்படித் தெரிகிறது

அண்மையில் ஒரு மூன்றாம் வகுப்பில், பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘தப்பில்லாம படிச்சிடுவான் மேடம், கொஞ்சம் ஸ்லோ, அவ்வளவுதான்’ என்றார் ஆசிரியை. சொல்வதெழுதும் நோட்டில் பத்துக்கு எட்டு, ஒன்பது. முந்தைய இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உருப்போடவைத்தது என்று பிறகு தெரிந்தது. ‘மழை பெய்ததால் பறவைகள் கூட்டுக்குத் திரும்பின’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விரலை எழுத்துக்கு அடியில் வைத்தான். ‘ம... ழை... மழை. பெ... ய்... த... தா... ல்.’ அங்கே நின்று, மறுபடி ‘பெ’ என்று தொடங்கினான். ‘பறவைகள்’ வருவதற்குள் மழையை மறந்துவிட்டான். கடைசிச் சொல் வரை ஒரு பிழையும் இல்லை. ‘பறவை ஏன் திரும்பிச்சு?’ என்று கேட்டேன். பதில் இல்லை. அதே வரியை நான் ஒரு தரம் வாசித்துக் காட்டினேன். உடனே வந்தது: ‘மழ பெஞ்சுச்சுல்ல டீச்சர், றெக்க நனஞ்சா பறக்க முடியாதுல்ல!’ நான் எழுதித் தராத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான்.

தமிழில் டிஸ்லெக்சியாவின் தோற்றம் இதுதான் என்பது என் துணிபு. எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசிப்பான். அந்தக் கூட்டலிலேயே முழுச் சக்தியும் தீர்ந்துபோய்விடும். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பு முடிவிலோ மூன்றாம் வகுப்பிலோ ‘பறவைகள்’ ஒரே பார்வையில் ஒரு சொல்லாகிவிடுகிறது. இவனுக்கு ஐந்தாம் வகுப்பிலும் அது ஐந்து எழுத்து. கண்ட வடிவத்துக்குரிய பெயரைச் சட்டென்று நாவுக்குக் கொண்டுவருவதில் உள்ள தடை என்று முன்பு சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது.

தமிழ் எழுத்துமுறை ஒழுங்கானது. அதே சமயம் அதற்கென்று சில சுமைகள் உண்டு. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்தைக் கற்கிறது. தமிழ்க் குழந்தைக்குமுன் 247. கன்னடம் படிக்கும் குழந்தைகளை நெடுங்காலம் ஆராய்ந்த சோனாலி நாக், நம் பகுதி எழுத்துமுறைகளில் எழுத்து கற்கும் வேலை ஒன்றாம் வகுப்போடு முடிவதில்லை, மூன்று நான்கு ஆண்டுகள் நீள்கிறது, தனி ஒலியைப் பிரிக்கும் உணர்வும் மெல்லத்தான் வருகிறது என்று காட்டியிருக்கிறார். தமிழில் இதைத் தினமும் பார்க்கலாம். ‘மரம்’ என்பதை ம-ர-ம் என்று பிரிக்க ஐந்து வயதுக் குழந்தைக்கும் வரும். ‘ம’வுக்குள் ம், அ என்று இரண்டு இருப்பதைப் பிரித்து உணர்வதுதான் கடினம். உகர ஊகார வரிசைகளில் அடையாளம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது: கு, சு, து மூன்றும் மூன்று விதம். ‘கொ’ என்னும்போது காதில் முதலில் விழுவது க். கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஒலியின் வரிசைப்படி எழுத முயலும் பிள்ளை ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது. அதனால் அதிகம் இளைப்பாறியவர்கள் இந்தப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. வீட்டில் ‘மழ’, புத்தகத்தில் ‘மழை’. வீட்டில் ‘இருக்கு’, புத்தகத்தில் ‘இருக்கிறது’. எழுத்துக்கூட்டி முடிக்கும் குழந்தை, தான் கூட்டியது சரிதானா என்று தனக்குத் தெரிந்த பேச்சுச் சொல்லோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். இ-ரு-க்-கி-ற-து என்று முக்கி முடிக்கும்போது, ஒப்பிட அதனிடம் இருப்பது ‘இருக்கு’. வேகமாக வாசிக்கும் பிள்ளை இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறது. மெல்ல வாசிக்கும் பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் அதில் விழுகிறது. மேடைத்தமிழை நிறையக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இது குறையும். ஆகவே கதையை எழுத்துத் தமிழிலும் நாம் சொல்ல வேண்டும்.

எது அடையாளம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ல, ள, ழ குழப்பமும், இரண்டு சுழி ‘ன’ மூன்று சுழி ‘ண’ குழப்பமும், ர, ற குழப்பமும் மட்டும் இருந்தால் அது டிஸ்லெக்சியா ஆகாது. பேச்சிலேயே பலருக்கு இந்த வேறுபாடுகள் இல்லை; இல்லாத வேறுபாட்டைக் குழந்தை எழுத்தில் காட்டுவது எப்படி? குறில்-நெடில் மாறுவது, விடு-வீடு, படி-பாடி இரண்டாம் வகுப்புக்குப் பிறகும் தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பது, அதோடு வாசிப்பும் மெதுவாக இருப்பது, வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே கதை இருந்தது: இவையெல்லாம் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட வேண்டும். பாடமே சரியாகக் கிடைக்காத குழந்தையை டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்தவும் கூடாது. அதைப் பிரித்தறிய நல்ல வழி, சில வாரங்கள் ஒழுங்காகக் கற்பித்துப் பார்ப்பதுதான்.

5. என்ன செய்ய வேண்டும்

1983-இல் ஆக்ஸ்போர்டின் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒலிகளை வகைப்படுத்தத் தடுமாறிய சிறு குழந்தைகளில் ஒரு குழுவுக்கு ஒலிப் பயிற்சி மட்டும் தந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அந்த ஒலிகளைப் பிளாஸ்டிக் எழுத்துகளோடும் சேர்த்துத் தந்தார்கள். எழுத்தோடு சேர்த்துக் கற்றவர்களே பின்னாளில் மிக நன்றாக வாசித்தார்கள். 1994-இல் பீட்டர் ஹேட்சர் குழுவினர் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனையிலும் அதுவே முடிவு: ஒலிப் பயிற்சி தனியே போதாது, வாசிப்புத் தனியே போதாது, இரண்டையும் பின்னிக் கற்பித்தால் பயன் கூடும். அவர்கள் எடுத்துக்கொண்டது 20 வாரங்களில் 40 அரைமணி நேர வகுப்பு. நம் பள்ளிகளால் முடியாத அளவு இல்லை.

தமிழில் இதை எப்படிச் செய்வது? இங்கே நம் மரபு கைகொடுக்கிறது. எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்து, இரண்டும் கூடி உயிர்மெய் ஆவதைக் கண்டவர்கள் நாம். ஒவ்வொரு ஒலியும் வாயில் எங்கே பிறக்கிறது என்று பிறப்பியலில் வகுத்தவர் தொல்காப்பியர். டிஸ்லெக்சியா பிள்ளைக்கு எட்டாத ஒலிப்பகுப்பு நம் இலக்கணத்தின் முதல் பாடம். வகுப்பறையிலோ அது சுவர் அட்டவணையாகிவிட்டது. க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாடும் குழந்தை, நடுவில் ‘கூ’வை மட்டும் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டு வருகிறது.

வரிசையை உடையுங்கள். முதலில் காதுக்கு மட்டும் விளையாட்டு: ‘கல்’லில் முதல் ஒலியை மாற்றிப் ‘ப்’ போட்டால் என்ன? பல். பல்லை நீட்டினால்? பால். பிறகு அட்டைகள்: ஒரு கையில் ‘ம்’, இன்னொரு கையில் ‘ஈ’, இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்து, குழந்தை வாயாலேயே ‘மீ’ வர வேண்டும். அதை உடனே ‘மீன்’ என்று எழுத வேண்டும். நாளுக்கு அரைமணி, மூன்று நான்கு பிள்ளைகள், பல மாதங்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்கள். ஆர்ட்டனின் வழியில் அன்னா கில்லிங்ஹாம் வகுத்த புகழ்பெற்ற முறையிலும் தடவி எழுதுவது உண்டு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலன் தருவது மணல் அல்ல. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, எதையும் விடாமல் இணைத்துக் கற்பிப்பதுதான்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதற்கு மேல் வேகப் பயிற்சியும் தேவை. ஆங்கில நூல்களைப் பின்பற்றுகிறவர்கள் இதைக் குறைத்துவிடுகிறார்கள். ஐந்தாறு வரியுள்ள பத்தி. முதலில் பெரியவர் வாசிக்க வேண்டும், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு குழந்தை தனியாக. அதே பத்தி மறுநாளும், அதற்கு மறுநாளும். பல முறை கண்ட சொல் ஒரே வீச்சில் நாவுக்கு வரத் தொடங்கும். அதே நேரத்தில், அவன் வயதுக்கேற்ற நூல்களை யாராவது அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்புக் குறைந்தால் சொல்வளம் குறைகிறது, சொல்வளம் குறைந்தால் வாசிப்பு இன்னும் குறைகிறது. காது வழியாகவாவது மொழி உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

வேண்டாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. நினைவாற்றல் டானிக்கும் வேண்டாம். பிழையான சொல்லை நூறு தடவை எழுதவைக்கும் தண்டனை வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் வகுப்பின் முன் எழுப்பி வாசிக்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். இந்தப் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குக் கவனச் சிதறலும் சேர்ந்தே இருக்கும். அதற்குத் தனியே மருத்துவர் துணை வேண்டும்.

6. சட்டமும் சலுகையும்

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பெரிய முன்னேற்றம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்றவை இதனால் உறுதிப்படுகின்றன. இவை இரக்கத்தால் தரும் மதிப்பெண் அல்ல. அவனுக்குத் தெரிந்ததைக் காட்டக் கிடைக்கும் வாய்ப்பு. பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்.

எனக்கு இரண்டு கவலைகள். சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கிறது. சான்றிதழுக்கு அந்த வயது நியாயம்தான், உதவிக்கு நியாயமில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே தடுமாற்றம் தெரிந்தால் அன்றே தொடங்க வேண்டும்; பிறகு டிஸ்லெக்சியா இல்லை என்று தெரிந்தாலும் நட்டம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, மொழி விலக்கு. நான் சந்தித்த ஆங்கில வழிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விட்டது தமிழை. பத்தாம் வகுப்பில், வேறு வழியில்லாத நிலையில் அப்படிச் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வயதிலேயே ‘ரெண்டு மொழி தாங்காது, தமிழை விட்டுடுங்க’ என்று ஆலோசனை சொல்வதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. ஜப்பானில் வளர்ந்த அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழி, அதுவும் வீட்டில் பேசும் மொழி. இந்தக் குழந்தை ‘என்னால் வாசிக்க முடிகிறது’ என்று முதன்முதலில் உணரக்கூடிய இடம் அதுதான். அந்த வாசலை முதலில் அடைத்துவிட்டு, ஆங்கிலத்தோடு மட்டும் மல்லுக்கட்டவைக்கிறோம். முதலில் தமிழில் கால் ஊன்றட்டும். ஒலியைப் பிரிக்கும் திறன் ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கும் அது உதவும்.

நிறைவாக, இந்தத் துறையிடம் ஒரு வேண்டுகோள். 1991 முதல் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வருகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் தொடங்கி இந்திய மொழிகளுக்கான சோதனைத் தொகுப்பை 2015-இல் கொண்டுவந்தது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்திலிருந்து கற்பிக்க வழிசெய்தது. இவற்றோடு தமிழ் தெரிந்த ஆய்வாளர்கள் சேர வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிமிடத்தில் வாசிக்கத்தக்க பத்திகள் தேவை. அவை, எந்தச் சொல் எத்தனை எழுத்து, எந்த இடத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி என்று அளந்து எழுதியவையாக இருக்க வேண்டும். நெல்லைப் பிள்ளையும் வடசென்னைப் பிள்ளையும் கொங்குப் பிள்ளையும் அவற்றை எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறார்கள் என்று பள்ளி பள்ளியாகப் போய்க் குறிக்க வேண்டும். இதற்கு ஸ்கேன் கருவி வேண்டாம். ஒரு கடிகாரமும், குழந்தைக்கு அருகில் உட்காரும் பொறுமையும், தமிழ் ஒலியியலில் தேர்ச்சியும் போதும். மூன்றாவது இந்தத் துறையில்தான் இருக்கிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். தொடங்க வேண்டிய பள்ளிகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது.